ஞாயிறுக்குள்ள 40 போத்தல் இஞ்சி பியர்: நேரம் காணுமா?

கல்லடி_கரை | வியாழன் இரவு 8.10

ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு வீட்டில பிறந்தநாள். 40 பேர், ஆளுக்கு அரை லீட்டர், மொத்தம் 20 லீட்டர் வேணும். மோல்ட் (முளைகட்டிக் காயவச்ச பார்லி) வாங்கிச் சரியான பியரே போடலாமா? முடியாதெண்டால் இஞ்சி பியராவது சரி. கையில இருக்கிறது: 30 லீட்டர் அலுமினியக் கிடாரம், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளி, பாண் போடுற இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அரை லீட்டர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல் 25, மிச்சத்துக்குக் கண்ணாடிச் சாராயப் போத்தல். கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர், குழாயில குளோரின் மணம். பிரிட்ஜுக்குள்ள 20 போத்தலுக்கு மேல கொள்ளாது. வாறவங்களில மது தொடாத ஆக்களும் பிள்ளைகளும் இருக்காங்க.

கல்லாறு_குசினி | வியாழன் இரவு 8.55

மோல்ட் பியரை மறந்துடுங்க. வாளியில புளிக்க ஒரு கிழமை, போத்தலில வாயு ஏற இன்னும் இரண்டு கிழமை. அதுவும் நம்மட 30 பாகைச் சூட்டில ஈஸ்ட் ஓடித் திரிஞ்சு ருசியைக் கெடுக்கிற கனமான அல்ககோலையும் சேர்த்து உண்டாக்கும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்யிறது மதுவரிச் சட்டப்படி குற்றம் எண்டதும் இருக்கு. இஞ்சி பியருக்கு நேரம் தாராளம். அதே சூடு இதுக்கு நல்லது.

இண்டைக்கு இரவு செய்ய வேண்டியது தண்ணி மட்டும். உவர்த் தண்ணியை எடுக்கவே வேணாம், சீனி எவ்வளவு போட்டாலும் அந்தக் கரிப்பு அடியில நிக்கும். குழாய்த் தண்ணி 16 லீட்டரை மூடாமல் 15 நிமிசம் கொதிக்க வச்சால் குளோரின் போயிடும். ஆறவிட்டு, 10 லீட்டரைச் சுத்தமான போத்தல்களில பிரிட்ஜுக்குள்ள வையுங்க, மிச்சத்தை மூடி வெளியில விடுங்க. இதை இண்டைக்குச் செய்யாட்டி நாளைக்கு 20 லீட்டர் கொதிநீர் ஆறும் வரைக்கும் விடியவிடியக் காவல் இருக்கவேண்டி வரும்.

வெள்ளி பின்னேரம்: இஞ்சி 1 கிலோ 200 கிராம். தோல் சீவத் தேவையில்லை, மண் போகக் கழுவினால் போதும். துருவுங்க அல்லது இடியுங்க. மிக்சியில அரைச்சால் மாப்பொருள் கூட இறங்கிக் கலங்கும், வடிக்கவும் பாடு. முக்கால் பங்கைக் கறுவா இரண்டு துண்டு, கராம்பு ஏழெட்டோட 5 லீட்டர் தண்ணியில மூடி 20 நிமிசம் கொதிக்க விடுங்க. மிச்சக் கால் பங்கைக் கடைசி 5 நிமிசத்தில போடுங்க. கூடக் கொதிச்ச இஞ்சியில உறைப்புக் குறையும், இந்தக் கால் பங்குதான் தொண்டையில பிடிக்கும். இறக்கி 2 கிலோ சீனியைக் கரைச்சு, மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டாய் மடிச்சு இரண்டு தரம் வடியுங்க. நார் கிடந்தால் போத்தல் திறக்கேக்க அதைப் பிடிச்சு நுரை பொங்கும்.

வடிச்சதை வாளிக்கு மாத்திடுங்க, ஏனெண்டால் தேசிக்காய்ப் புளியை அலுமினியத்தில விடக்கூடாது. 90 பாகையில இருக்கிற 5 லீட்டரோட பிரிட்ஜ் தண்ணி 10 லீட்டர், வெளித் தண்ணி 5 லீட்டர் சேர்ந்தால் 34, 35 பாகைக்கு வந்து நிக்கும். ஈஸ்டுக்கு அது அளவு. 45க்கு மேல அது சோரும், 55 தாண்டினால் செத்துப் போகும். மறுகா 12 தேசிக்காய்ச் சாறு. ஈஸ்ட் மட்டமாய் ஒரு தேக்கரண்டி, கிட்டத்தட்ட 3 கிராம். அதை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியில சிட்டிகை சீனியோட கரைச்சுப் 10 நிமிசம் பாருங்க. நுரைக்காட்டி அந்த ஈஸ்ட் பக்கெட்டை எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குங்க. நுரைச்சால் வாளியில ஊத்திக் கலக்கி உடனே போத்தலில அடைக்கலாம்.

சம்மாந்துறை_சோடா | வியாழன் இரவு 9.30

குசினி சொன்னது சரி, ஆனால் 40 பேருக்கும் ஈஸ்ட் போட்டதைக் குடுக்காதீங்க. குறைவெண்டாலும் அதில அல்ககோல் இருக்கு, மது தொடாத ஆக்களுக்கு அதைச் சொல்லாமல் நீட்டுறது சரியில்ல. அவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாணி காய்ச்சிடுங்க: ஒரு லீட்டர் பாணிக்கு இஞ்சி 300 கிராம், சீனி 500 கிராம், இரண்டு மூண்டு தேசிக்காய். பரிமாறேக்க ஒரு பங்கு பாணிக்கு நாலு பங்கு குளிர்ந்த வெறும் சோடா. 2 லீட்டர் பாணி 20 பேருக்குக் காணும், ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். அப்படிச் செய்தால் ஈஸ்ட் வேலை 10 லீட்டராகப் பாதியாகும், உங்கட 25 போத்தலே போதும். குசினி சொன்ன அளவுகளை எல்லாம் பாதியாக்குங்க. தண்ணிப் பங்கும் அப்படியே பாதியானால் சூடு மாறாது.

கல்லடி_கரை | வியாழன் இரவு 9.48

நல்ல யோசனை, அப்படியே செய்யிறன். இருந்தாலும் சாராயப் போத்தலுக்கு என்ன குறை? கண்ணாடி தடிப்பாத்தானே இருக்கு.

கல்லாறு_குசினி | வியாழன் இரவு 10.20

கணக்கைப் பாருங்க. லீட்டருக்கு 100 கிராம் சீனி போடுறீங்க. அதில 12 கிராமை ஈஸ்ட் தின்றால் 6 கிராம் வாயு வரும், அது குடிக்க அளவான சோடா. அல்ககோல் முக்கால் சதவீதமளவு. மிச்சம் 88 கிராம் சீனி இனிப்பாய் அங்கேயே கிடக்கு, ஈஸ்டும் உயிரோட இருக்கு. வெளியில மறந்து விட்டால் எல்லாத்தையும் தின்று 50 கிராம் வாயு வரைக்கும் போகப் பார்க்கும். சாராயப் போத்தல் அழுத்தத்துக்குச் செய்ததில்ல, அது வெடிச்சால் சில்லு முகத்துக்குத்தான் வரும். பிளாஸ்டிக் சோடாப் போத்தல் முதலில வீங்கிக் காட்டும், அதுதான் அதிண்ட பெருமை. மெல்லிசான தண்ணிப் போத்தலும் வேணாம்.

பிளாஸ்டிக்கைக் கொதிதண்ணியில கழுவினால் சுருங்கிடும். வாசம் சேர்க்காத ப்ளீச் லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து 10 நிமிசம் ஊறவிட்டு, கொதிச்சாறின தண்ணியில இரண்டு தரம் அலசுங்க. மூடியையும் சேர்த்து. வாயில 4 சென்றிமீற்றர் இடம் விட்டு நிரப்பி, போத்தலை நெரிச்சுக் காத்தை வெளியேத்தி மூடுங்க. நெரிஞ்ச இடம் தானாய் நிமிர்ந்தால் ஈஸ்ட் வேலை செய்யுது எண்டு அர்த்தம். வெள்ளி இரவு 7க்கு அடைச்சால் சனி காலை 7 மணியில இருந்து மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அமத்திப் பாருங்க. கடையில வாங்கின திறக்காத சோடாப் போல கல்லாய் இருந்தால் உடனே குளிருக்குள்ள. மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில வந்திடும். சனி இரவும் நிமிராட்டி மூடியைச் சந்தேகப்படுங்க, அதிலதான் வாயு கசியிறது.

வாழைச்சேனை_ஐஸ் | வெள்ளி காலை 6.15

பிரிட்ஜில கொள்ளாத போத்தலுக்கு மீன் வாடியில றெஜிபோம் பெட்டி (ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளை நுரைப் பெட்டி) ஒண்டு இரவல் வாங்குங்க. 10 லீட்டரை 30 பாகையில இருந்து 5க்கு இறக்கக் கணக்குப்படி 3 கிலோ ஐஸ், பெட்டிக்குள்ள நுழையிற சூட்டையும் சேர்த்து 6 கிலோ எடுங்க. போத்தலை நிமிர்த்தி அடுக்கி இடைவெளியில உடைச்ச ஐஸ் போடுங்க. கரைஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க, போத்தலைச் சுத்தி நிக்கிற தண்ணிதான் வேகமாய்க் குளிர வைக்கும். ஆனால் மீன் ஐஸ் பெட்டிக்குள்ள மட்டும், வாளிக்குள்ளயோ கிளாசுக்குள்ளயோ ஒரு துண்டும் விழக்கூடாது. பெட்டியை முதல்ல தேசிக்காய்த் தோலாலயும் சவர்க்காரத்தாலயும் நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, இல்லாட்டி கேக்கும் சூடை மீன் மணக்கும்.

கல்லாறு_குசினி | வெள்ளி காலை 7.02

பெட்டியிலயும் நிமிர்ந்தே நிக்கட்டும், ஈஸ்ட் அடியில படியும். ஊத்தேக்க அடி ஒரு விரற்கடையை விட்டுடுங்க, பாண் மணம் அதுக்குள்ளதான். மூடியை ஒரேயடியாய்த் திருகாமல், சீறல் அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திறக்கவேணும். மிஞ்சினதை ஒரு கிழமைக்குள்ள குடிச்சு முடியுங்க, குளிரில ஈஸ்ட் சாகாது, மெதுவாகும், அவ்வளவுதான்.