ஃபேரி கதை என்று நம்பி எடுத்த புத்தகம்

(ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் எழுதிய குறிப்புகள் இவை. நட்சத்திரக் குறிக்குப் பிறகு எழுதுபவர் மாறுகிறார்.)

அக்கா மகள் கையில் திணித்த புத்தகம் இது. சாரா ஜே. மாஸ் 2015இல் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்'. "சித்தி, முதல் நூறு பக்கம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு படிங்க" என்றாள். கடித்தேன். (முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.)

ஃபேரி என்றால் விரல் நீளத்தில் சிறகடிக்கும் பொம்மை என்று நினைத்திருந்தேன். இங்கே வருவது கூர்க்காதும் பல நூறு வயதும் உள்ள வாட்டசாட்டமான ஆட்கள். வேட்டைக்குப் போன 19 வயது ஃபேரா ஓர் ஓநாயைக் கொல்கிறாள். அது உருமாறி வந்த ஃபேரி. அதற்கு ஈடாக டாம்லின் அவளைத் தன் வசந்த நாட்டு மாளிகைக்குக் கொண்டுபோகிறான். அப்புறம் தோட்டம், ஓவியம், விருந்து, மறுபடி தோட்டம். சாபத்தால் டாம்லின் முகத்தில் முகமூடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கழன்ற பிறகும் ஆள் எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் டாம்லினைச் சாபத்திலிருந்து மீட்க ஃபேரா மலைக்கு அடியில் சந்திக்கும் மூன்று சோதனைகளில் இரண்டாவது இருக்கிறதே! சுவரில் ஒரு கேள்வி, எதிரே மூன்று நெம்புகோல்கள், தலைக்கு மேல் பழுக்கக் காய்ச்சிய முட்களோடு இறங்கி வரும் கூரை. சரியானதை இழுத்தால் பிழைக்கலாம். ஃபேராவுக்கோ சரியாகப் படிக்கத் தெரியாது. முதல் சோதனையில் ராட்சதப் புழுவைக் கொன்றவள், சுவரில் எழுதிய சில வரிகளுக்கு முன்னால் திணறி நிற்கிறாள். என் அம்மா வங்கியில் படிவத்தை நீட்டும்போதெல்லாம் "கண்ணாடி எடுத்துட்டு வரல தம்பி" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. அந்தப் பக்கங்களோடு புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

*

நான் ஸ்காட்லாந்தின் பழைய 'டாம் லின்' கதைப்பாடலைப் படித்துவிட்டு இதற்கு வந்தவள். அதில் ஃபேரி அரசியின் பிடியில் இருக்கும் காதலனை ஜேனட் குதிரையிலிருந்து இழுத்துக் கட்டிக்கொள்வாள். அவன் பாம்பாகிறான், சிங்கமாகிறான், எரியும் தணலாகிறான். அவள் கையை விடவே மாட்டாள். நாவலின் கடைசிச் சோதனையில் ஃபேரா டாம்லினைக் கட்டிப்பிடிப்பதற்குப் பதில் கத்தியால் குத்துகிறாள், சாபத்தால் அவன் இதயம் கல்லாகியிருப்பதால் சாகமாட்டான் என்று ஊகித்து. புத்திசாலித்தனம்தான். எனக்கு என்னவோ அந்தப் பிடிதான் பெரிதாகத் தெரிகிறது.

*

சாபத்தை உடைக்க ஃபேராவிடம் ஒரு விடுகதையும் போடுகிறார்கள். அதற்கு விடை 'காதல்' என்று எனக்குப் படித்ததுமே தெரிந்துவிட்டது. ஃபேராவுக்கு உயிர் போகிற நேரத்தில்தான் தெரிகிறது. புத்தகத்தைப் பார்த்துக் கத்தினேன், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

*

மறுபடி நான்தான், முதலில் எழுதியவள். 2016இல் வந்த இரண்டாம் பாகத்தையும் அக்கா மகள் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அதில் டாம்லினை இன்னும் பிடிக்காமல் போகுமாம். அதற்காகவே ஆரம்பித்திருக்கிறேன்.