யூகேட், காம்சாட் புள்ளிகள் குறைந்தபின் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்களின் அனுபவங்கள்

லண்டனிலிருந்து, மருத்துவமனை ஆய்வுகூடப் பணியாளர்:

பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்புக்கு ஆயத்தமாகும் பலர், நுழைவுப் பரீட்சையில் புள்ளி குறைந்ததும் அந்த ஆண்டையே கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடுவதற்கு முன் அந்தப் புள்ளியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே, இங்குள்ள பல மருத்துவபீடங்கள் கேட்கும் நுழைவுப் பரீட்சையான யூகேட்டை எழுதினேன். பரீட்சை நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னரே பெறுபேற்றைத் தந்துவிடுகிறார்கள். வாய்மொழித் தர்க்கத்துக்கு 650, முடிவெடுத்தலுக்கு 620, எண்சார் தர்க்கத்துக்கு 600, உருவத் தர்க்கத்துக்கு 540 என மொத்தம் 2410 புள்ளிகள் இருந்தன. அப்போது 3600க்குக் கணக்கிட்டார்கள்; 2025 முதல் உருவத் தர்க்கம் நீக்கப்பட்டு மொத்தம் 2700 ஆகிவிட்டதால், பழைய புள்ளிகளை இன்றைய புள்ளிகளோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். பட்டதாரிகளுக்கான இடங்கள் குறைவு என்பதால், ஒரே பல்கலைக்கழகத்தில்கூட வழமையான ஐந்தாண்டுப் படிப்பைவிட நான்காண்டுப் படிப்பின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். வெட்டுப்புள்ளி உயர்ந்த நியூகாசில் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் எனக்கு எட்டாதவை என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த என் அப்பா, மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை குறைந்ததால் மருத்துவபீடத்தை இழந்த நண்பர்களைக் கண்டவர். "அப்ப வெட்டுப்புள்ளி எவ்வளவாம்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது என்பதையும், யூகாஸ் எனும் பொது விண்ணப்ப அமைப்பில் அக்டோபர் 15இல் விண்ணப்பம் முடிவதற்கு முன்னரே யூகேட் புள்ளி நம் கையில் இருப்பதால் அதற்கேற்ற இடங்களைத் தெரிந்து விண்ணப்பிக்கலாம் என்பதையும் அவருக்கு விளக்க நெடுநேரம் பிடித்தது. மருத்துவத்துக்கு நான்கு தெரிவுகளே உண்டு. அவற்றில் ஒன்றையேனும் பெயருக்காகச் செலவிடும் நிலையில் நான் இல்லை.

பட்டதாரிகளை மட்டுமே மருத்துவத்துக்குச் சேர்க்கும் வாரிக் பல்கலைக்கழகம், அக்காலத்தில் வாய்மொழித் தர்க்கப் புள்ளியைத் தனியாகக் கவனித்து வந்தது. 44 வினாக்களுக்கு வினாவொன்றுக்கு அரை நிமிடமளவே கிடைக்கும் அந்தப் பகுதியில்தான் நான் தேறியிருந்தேன். எனவே ஒரு தெரிவு அங்கே சென்றது. இரண்டு தெரிவுகளை யூகேட்டைப் பார்க்காமல், பட்டதாரிகளுக்கான மற்றொரு நுழைவுப் பரீட்சையான காம்சாட்டைக் கேட்கும் இடங்களுக்கு ஒதுக்கினேன். செப்டம்பரில் எழுதும் காம்சாட்டின் பெறுபேறு, யூகாஸ் முடிவுநாள் கடந்து நவம்பரில்தான் வரும் என்பதால், புள்ளி தெரியாமலேயே அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்த இருள் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பலவீனமான யூகேட்டைக் கொண்டு நான்கு கதவுகளைத் தட்டுவதைவிட அது நல்ல வழியாகவே பட்டது.

நான்காவது தெரிவு ஓர் ஐந்தாண்டுப் படிப்பு. இதில் பணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் நான்காண்டுப் படிப்பில் சேர்பவர் முதலாண்டுக் கட்டணத்தில் ஏறத்தாழ 3,500 பவுண்டைத் தானே செலுத்தினால் மீதிக்குக் கடன் கிடைக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து, அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். தரும் உதவித்தொகை கட்டணத்தின் ஒரு பங்கை ஏற்கும். ஐந்தாண்டுப் படிப்பில் சேரும் பட்டதாரிக்கோ முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கட்டணக் கடனே இல்லை. வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக மட்டும் அந்தப் பக்கம் திரும்புபவர்கள், வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேசி முடித்துவிட்டே திரும்ப வேண்டும்.

ஓரிடத்தில் நேர்முகத் தேர்வு கிடைத்தது. இரவுப் பணியில் ஒரு இரத்த மாதிரியின் பொட்டாசியம் ஆபத்தான அளவாகிய 7ஐத் தாண்டியபோது, இரத்தச் சிவப்பணுக்கள் குழாயிலேயே உடைந்ததால் வந்த பொய்யான உயர்வா என்பதை முதலில் பார்த்து, இல்லை என்று உறுதியானதும் வார்டுக்குத் தொலைபேசியில் அறிவித்ததைப் பற்றி விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தேன். அதைப் பற்றி அவர்கள் விரிவாகக் கேட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. யூகேட் புள்ளி அந்தந்த ஆண்டின் விண்ணப்பத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், மறுமுறை விண்ணப்பித்தபோது பழைய 2410 யார் கண்ணிலும் படவில்லை. இப்போது மருத்துவ மாணவியாக இருக்கிறேன். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், நான் சொன்ன பல்கலைக்கழகங்களின் இவ்வாண்டு அறிவிப்பை நேரடியாகப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

மெல்பர்னிலிருந்து, மருந்தாளர்:

அக்கா சொன்னதுபோலப் பிரித்துப் பார்ப்பது ஆஸ்திரேலியாவிலும் பொருந்தும். இங்கே அது ஏறக்குறைய வெறும் கூட்டல் கழித்தல்தான். காம்சாட்டின் மூன்று பகுதிகளில் எனக்கு மனிதவியலுக்கு 58, கட்டுரைக்கு 55, அறிவியலுக்கு 68 கிடைத்தன. அறிவியலை இருமடங்காக எண்ணும் வழமையான கணக்கில் அது 62. மூன்றையும் சமமாக எண்ணும் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கணக்கில் 60. அதே தாள், இரண்டு புள்ளிகள் வித்தியாசம். பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளியான ஜி.பி.ஏ.யை 7ஆலும் காம்சாட்டை 100ஆலும் வகுத்துக் கூட்டுவது ஜெம்சாஸ் எனும் பொது விண்ணப்ப அமைப்பு வழி மாணவரைச் சேர்க்கும் பல பல்கலைக்கழகங்களின் நடைமுறை. என் 6.8 ஜி.பி.ஏ.யும் 62ம் சேர்ந்து 1.59 ஆயின, 6.3 ஜி.பி.ஏ.யோடு காம்சாட்டில் 70 எடுத்த என் நண்பனுக்கு 1.60. இருவரும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நின்றோம். அவனுடைய 70ஐக் கேட்டு நான் பல இரவுகள் தூங்காமல் இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

என்னைக் கீழே இழுத்தது கட்டுரைதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கருப்பொருள் சார்ந்த சில மேற்கோள்களைத் தந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுதச் சொல்வார்கள். நம் வீடுகளில் அறிவியலில் ஊறி வளர்ந்த பிள்ளைகள் பௌதிகவியல் வினாக்களை நூற்றுக்கணக்கில் செய்துவிட்டு, கட்டுரையைப் பரீட்சை மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். மறுமுறை எழுதுவதற்கு முன் வேலை முடிந்து வந்து நாள்தோறும் ஒரு கட்டுரையைக் கடிகாரம் வைத்துத் தட்டச்சு செய்து, ஆசிரியையாக இருக்கும் என் மாமியிடம் கொடுத்தேன். "உன்ரை கருத்து மூண்டாம் பந்தியிலைதான் வருது, தம்பி, அதை முதலாம் பந்திக்குக் கொண்டு வா" என்று அவர் சொன்ன ஒரு திருத்தம், நான் பணம் கொடுத்து வாங்கிய எந்தப் பயிற்சி நூலையும்விட உதவியது.

ஜெம்சாஸ் வழியாக ஒருவருக்கு ஒரேயொரு நேர்முகத் தேர்வுதான் கிடைக்கும். ஆகவே குறைந்த புள்ளி உள்ளவர் விருப்ப வரிசையைப் பெருமைக்காக அடுக்கக் கூடாது. டீக்கின் போன்ற சில பல்கலைக்கழகங்கள் கிராமப்புறங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பளிக்கின்றன. அத்தகைய பின்னணி உள்ளவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

லிமெரிக்கிலிருந்து, செவிலியர்:

அயர்லாந்தில் இருப்பவர்கள் மேலே உள்ள இரண்டு பதிவுகளைப் படித்துத் தவறான நம்பிக்கை கொண்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ள விண்ணப்பதாரர்களுக்கு இங்கே இரண்டாம் வகுப்பின் மேல்நிலையில் ஒரு பட்டம் இருந்தால் போதும். அதற்குமேல் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் காம்சாட் மதிப்பெண்ணைப் பொறுத்ததே. நேர்முகத் தேர்வு இல்லை, பணி அனுபவத்துக்கு மதிப்பெண் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் வேலை பார்த்த ஆண்டுகளை எழுதிக் காட்ட அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. கடைசி இடத்துக்கு ஒரே மதிப்பெண்ணில் பலர் இருந்தால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இது மிகவும் கடுமையான முறை என்றே நினைக்கிறேன். ஆனால் எங்கிருந்து வந்தவர், எந்தக் கல்லூரியில் படித்தவர், எப்படிப் பேசுகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை என்பது என்னைப் போல இங்கே குடியேறியவர்களுக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. தேர்வு மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடக்கிறது; நான் மார்ச்சில் மறுபடி எழுதுகிறேன். எனக்கு விழுந்த அடி கரிம வேதியியலில்தான். செவிலியர் படிப்பில் அதைத் தொட்டதே இல்லை என்பதால், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலைச் சேலத்திலிருந்து தம்பியை அனுப்பச் சொல்லி, அடிப்படையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மருந்தாளர் தம்பி, அறிவியல் பகுதியில் 68 எடுத்திருக்கிறீர்கள். வேதியியலை எந்த வரிசையில் படித்தீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.