1995 டிஸ்கவரி–மிர் சந்திப்பு: கசிவு எப்படித் தீர்ந்தது?

வானம்பாடி கேட்டது:
பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு பலகை தயாராகிறது. பொருள், விண்வெளியில் பெண்களும் நாடுகளின் நட்பும். "1995 பிப்ரவரியில் டிஸ்கவரி விண்ணோடத்தை ஐலீன் காலின்ஸ் ஓட்டிப்போய் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு இணைத்தார்" என்று எழுதியிருக்கிறோம். சரிதானா? ஏதோ கசிவால் ரஷ்யர்கள் கிட்டே வரவேண்டாம் என்றார்களாமே, அது என்ன? மிர்ரில் அப்போது பெண்கள் யாராவது இருந்தார்களா?

சுற்றுப்பாதை:
அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை மாற்றிவிடுங்கள். டிஸ்கவரி மிர்ரோடு இணையவே இல்லை. பிப்ரவரி 6 அன்று சுமார் 11 மீட்டர் வரை நெருங்கி, நின்று, திரும்பியது. இணைப்பு நடந்தது அதே ஆண்டு ஜூன் 29, அட்லாண்டிஸ் என்ற இன்னொரு விண்ணோடம் போனபோது. பிப்ரவரிப் பயணம் அதற்கான ஒத்திகை.

இன்னொன்று, நெருங்கும்போது கைப்பிடியைப் பிடித்திருந்தவர் தளபதி ஜேம்ஸ் வெதர்பி. காலின்ஸ் பைலட். விண்ணோடத்தில் பைலட் என்றால் தளபதிக்கு அடுத்த பொறுப்பு. அந்த இருக்கைக்கு வந்த முதல் பெண் அவர்தான். இதுவே பெரிய செய்தி, மிகைப்படுத்தத் தேவையில்லை.

உந்துவிசை:
கசிவைப் பற்றி நான் சொல்கிறேன். விண்ணோடத்தைத் திருப்பவும் நகர்த்தவும் 44 சிறு ஜெட்கள், அதாவது உந்துபொறிகள், இருந்தன. புவிச்சுற்றுக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே கசியத் தொடங்கியவற்றில் ஒன்றின் பெயர் ஆர்1யு. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ஆர் என்றால் வலப்பக்கம், 1 என்பது எரிபொருள் வரும் குழாய்த்தொகுதியின் எண், யு என்றால் மேல்நோக்கி. விண்ணோடம் மேற்புறத்தில் உள்ள தன் சரக்கறையை மிர்ருக்குக் காட்டிக்கொண்டுதான் நெருங்கும். ஆக, மேல்நோக்கிக் கசியும் ஜெட் நேராக நிலையத்தைப் பார்த்து நிற்கும்.

கசிந்தது நைட்ரஜன் டெட்ராக்சைடு, அரிக்கும் தன்மையுள்ள ஆக்சிஜனேற்றி, அதாவது எரிபொருளை எரியவைக்கும் வேதிப்பொருள். மிர்ரின் சூரியத் தகடுகளிலோ, அங்கே கட்டப்பட்டிருந்த சோயுஸ் கலத்தின் ஒளி உணரிகளிலோ படிந்தால் ஆபத்து. அந்தச் சோயுஸ்தான் மிர்ரில் இருந்த மூன்று பேருக்கும் வீடு திரும்பும் வண்டி. ரஷ்யர்கள் தயங்கியது முழுக்க நியாயம்.

முதலில் வால்பக்கத்தைச் சூரியனுக்குத் திருப்பிச் சூடேற்றிப் பார்த்தார்கள். கசியும் திரவம் ஆவியாகும்போது ஜெட்டைக் குளிரவைக்கும், வால்வு சரியாக உட்காராது. சூடு பட்டால் உட்காரலாம் என்பது கணக்கு. கடைசியில் கைகொடுத்தது குழாய்த்தொகுதி 1-இன் வால்வை மூடியதுதான். அதே தொகுதியில் இருக்கும் நல்ல ஜெட்களும் கூடவே போய்விடும் என்பதால் அதை எடுத்தவுடன் செய்ய முடியாது. மிச்சமுள்ளவற்றை வைத்துப் பாதுகாப்பாக விலகிவர முடியும் என்று காட்ட வேண்டும். ஹூஸ்டனிலும் மாஸ்கோவிலும் இருந்த கட்டுப்பாட்டு மையங்கள் விவரங்களை மாற்றி மாற்றி அலசின. கசிவு நிற்காவிட்டால் சுமார் 120 மீட்டரிலேயே நிறுத்திக்கொள்வது என்றும் பேசிவைத்தார்கள். கசிவு அடங்கியது, மாஸ்கோ சம்மதித்தது. நட்பு என்று பலகையில் எழுதப்போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சுவார்த்தையை எழுதுங்கள். கைகுலுக்கும் படத்தைவிட இதற்குக் கனம் அதிகம்.

வானம்பாடி:
திருத்திவிட்டோம். ஒரு சந்தேகம்: கிட்டப் போய் வேகத்தைக் குறைக்கும்போது மற்ற ஜெட்களின் புகையும் மிர்மேல் படாதா?

உந்துவிசை:
படும். அதனால் அருகில் போனதும் மேல்நோக்கும் ஜெட்களை அணைத்துவைப்பார்கள். மூக்குப்பக்கமும் வால்பக்கமும் பார்க்கும் ஜெட்களைச் சேர்த்து எரித்தால் முன்பின் விசை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்; அவை லேசாகச் சாய்ந்திருப்பதால் மிஞ்சும் சிறு விசை பிரேக் ஆகும். எரிபொருள் பல மடங்கு செலவாகும் என்பதுதான் குறை.

சுற்றுப்பாதை:
பெண்கள் பற்றிய கேள்வி விட்டுப்போனது. டிஸ்கவரியில் காலின்ஸோடு ஜேனிஸ் வாஸ். மிர்ரில் எலெனா கொண்டகோவா. 1994 அக்டோபர் 4 புறப்பட்டு 169 நாட்கள் இருந்தார். அதுவரை வேறெந்தப் பெண்ணும் விண்வெளியில் அவ்வளவு நாள் தங்கியதில்லை. 1995-இல் ஜன்னலுக்கு ஜன்னல் பார்த்த காலின்ஸும் கொண்டகோவாவும் 1997 மே மாதம் அட்லாண்டிஸில் ஒரே குழுவாகப் புறப்பட்டு மிர்ருக்குப் போனார்கள்.  இந்த முறை விண்ணோடம் மிர்ரோடு இணைந்தது. அதைத் தாராளமாக எழுதலாம்.

இடமிருந்தால் இதையும் சேருங்கள். 1960-களின் தொடக்கத்தில் விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளில் தேறியும் நாசா சேர்த்துக்கொள்ளாத பெண் விமானிகள் 13 பேர். அவர்களில் சிலரைக் காலின்ஸ் 1995 ஏவுதலுக்கு விருந்தினராக அழைத்தார். பிப்ரவரி 3 நள்ளிரவு தாண்டி டிஸ்கவரி கிளம்பியதை அவர்கள் நேரில் பார்த்தார்கள்.