ஆடிய ஸ்டூல்: ஒரு புதுப்பிப்பு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: முதன்முதலாக ரப்பர் மரத்தில் செய்த ஸ்டூல் ஆடுகிறது, மேல்பலகையில் வேறு விரிசல் என்று. இரண்டும் இப்போது சரியாகிவிட்டன.

நீளமான காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கலாமா என்று கேட்டிருந்தேன். "அப்படியே போனால் கடைசியில் மணைப்பலகைதான் மிஞ்சும்" என்று ஒருவர் எழுதினார். நியாயம்தான். அவர் சொன்னபடி, சமமான கிரானைட் மேடையில் ஸ்டூலை வைத்து, தூக்கி நின்ற காலுக்கு அடியில் அட்டை செருகி ஆட்டத்தை நிறுத்தினேன். சின்ன மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நான்கு கால்களிலும் ஒரே உயரத்தில் சுற்றிக் கோடு போட்டேன். கோட்டோடு அறுத்து, 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தேன். அவ்வளவுதான், அசைவே இல்லை.

விரிசல் முழுக்க என் தப்பு. மரம் ஈரக்காற்றில் இழைக்குக் குறுக்கே விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. நானோ அடியில் குறுக்குச் சட்டம் வைத்து, பசை தடவி, திருகும் இறுக்கியிருந்தேன். நகர வழியில்லாமல் பலகை பிளந்துவிட்டது. புதுப் பலகைக்குப் பசையே கிடையாது. சட்டத்தில் நடுத் துளை மட்டும் வட்டம். ஓரத் துளைகளை நீளமாக்கி வாஷர் போட்டேன். திருகைவிடச் சின்ன பிட்டால் பலகையில் முன்கூட்டியே துளையும் போட்டேன் (போன தடவை அதையும் விட்டிருந்தேன், கேட்காதீர்கள்).

வார்னிஷ் இன்னும் பாக்கி. அதற்குள் அம்மா ஸ்டூலைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார்.