புதுப்பிப்பு: அம்பாசிடர் எழுந்துவிட்டது, நான்தான் படுத்துவிட்டேன்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: அப்பாவின் பழைய அம்பாசிடர் காலையில் கிளம்ப மறுக்கிறது, தனுஷ்கோடி கடைசியில் இருக்கும் அரிச்சல்முனைக்குப் போனாலே போன் "இலங்கைக்கு நல்வரவு" என்கிறது, பேசாமல் சைக்கிளுக்கு மாறப்போகிறேன் என்று. என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

முதலில் கார். பேட்டரியை மாற்றச் சொன்னீர்கள் பாதிப் பேர். நல்லவேளை, மாற்றவில்லை. பானெட்டைத் திறந்தால் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ மாவு பொங்கினாற்போல் பூத்திருந்தது. மெக்கானிக் அண்ணன் ஒயரைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினார்; நுரைத்துக் கரைந்தது. உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி, மேலே வாஸ்லின் தடவினார். "கடலோரத்துல வண்டி வச்சிருந்தா மாசம் ஒருக்கா திறந்து பாக்கணும் தம்பி" என்றார். சாவியைத் திருப்பியதும் ஒரு இருமல், உடனே ஸ்டார்ட். ஹாரன் மட்டும் இன்னும் அதன் இஷ்டத்துக்குத்தான் அடிக்கிறது.

போனில் ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். இலங்கையின் தலைமன்னார் அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தானே, பாவம் அது என்ன செய்யும்?

அப்புறம் சைக்கிள். மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தில் போகும்போது கச்சான் காற்று (மேற்கிலிருந்து அடிப்பது) முதுகில் கைவைத்துத் தள்ளியது. நம் கால் பலம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்தது. நடுப்பாலத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். மீன் கூடையோடு மொபெட்டில் போனவர் வேகத்தைக் குறைத்து, "என்ன தம்பி, பஞ்சரா?" என்றார்.

ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.