திருவையாறு காவிரிக்கரை நடை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு புஷ்ய மண்டபப் படித்துறையிலிருந்து தியாகராஜர் சமாதி வரை மெதுவாக நடக்கத் திட்டம். கரையை ஒட்டியே போக முடியுமா, நடுவில் தெருவுக்குள் ஏறி இறங்க வேண்டுமா? சீமைக்கருவை முள் மண்டிய இடம் உண்டா? ரப்பர் செருப்பில் குத்தி ஏறிவிடும்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அதன்பிறகு கீழ்ப்படிகள் முழுகும். நீர் வடிந்த படியிலும் பாசி வழுக்கும், அங்கே யாரையும் இறக்கப் போவதில்லை. ஆடிப்பெருக்குக் கூட்டமும் வேண்டாம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடியுமா? வழியில் உட்காரத் திண்ணை, கழிப்பறை எங்கே? அசோகா அல்வா அந்நேரம் கிடைக்குமா என்பதும் முக்கியக் கேள்விதான்!