பழுகாமத்துச் சொந்தங்கள்

சின்ன மாமா: ஞாயிறு அம்மாட நினைவு அமுதுச் சாப்பாடு. சனிக்கிழமை வளவுக்குப் பின்னால வயல்ல உள்ள வைக்கோலை எரிச்சு முடிச்சிருவன்

ராணி பெரியம்மா: கச்சான் காத்து அடிக்கக்கயா? புகை நேரே பந்தலுக்குள்ள வரும். அக்காக்கு இழுப்பு தம்பி

சின்ன மாமா: (குரல் பதிவு 2:14) இதக் கேளுங்க. காத்து சுத்தமானா சூடு கூடுமாம். புகை நல்லதாம்

ராணி பெரியம்மா: வந்துட்டார் விஞ்ஞானி

குமார் அண்ணன்: மாமா அதுல பாதிதான் சரி. நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரியக்க வாற கந்தகப் புகை சல்பேற்றுத் துணிக்கையாகி வெயிலத் திருப்பி அனுப்பும், மேகத்தையும் வெளுப்பாக்கும். துணிக்கையால மறைஞ்சு கிடக்கிற சூடு 0 முதல் 0.8 பாகை செல்சியஸ் வரை எண்டு ஐ.நா.ட காலநிலைக் குழு ஐபிசிசிட 2021 அறிக்கை சொல்லுது. 2020 ஜனவரி 1ல இருந்து கப்பல் எண்ணெயில கந்தகம் 3.5 வீதத்தில இருந்து 0.5க்கு இறங்கினது. கப்பல் போற பாதையில விழுற மேகக் கோடும் குறைஞ்சு போச்சு

தீபா: பந்தலுக்கு முற்காசு குடுத்தாச்சா?

சின்ன மாமா: அப்ப நான் சொன்னது சரிதானே

குமார் அண்ணன்: இல்ல மாமா. வைக்கோல்ல கந்தகம் கொஞ்சம்தான். அதுட புகையில கரி கூட, கரி வெயிலக் குடிக்கும். ஈர வைக்கோல் கனன்டா சூட்டப் பிடிச்சு வைக்கிற மெதேன் வாயுவும் வரும்

குமார் அண்ணன்: சல்பேற்று ஒரு கிழமை போல நிண்டு மழையோட விழுந்திரும். காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கா நிக்கும். புகை இல்லாமப் போனா மறைஞ்ச சூடு வெளிய வரும். அதுக்காகப் புகைய வச்சிருக்க ஏலுமா? மெதேனையும் சேர்த்துக் குறைக்கணும். அதுட ஆயுள் 12 வருசம் போலதான், பலன் கெதியாத் தெரியும்

பெரிய மாமா: 👍

சின்ன மாமா: வயலுக்கு என்ன செய்யிற, அதச் சொல்லு

குமார் அண்ணன்: வெட்டு மெசின் கொட்டின வைக்கோல் வரிசையப் பரப்பி, ஈரம் இருக்கக்க இப்பவே உழுது புரட்டுங்க. தண்ணி கட்ட வேணாம், அமிழ்ந்து அழுகினா மெதேன் கிளம்பும். பெரும்போக விதைப்புக்குக் கிட்டப் புரட்டினா உக்குற வைக்கோல் நைதரசனை இழுத்துப் பயிர் மஞ்சளாகும். எரிச்சா வைக்கோல்ல உள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோட போயிரும்

ராணி பெரியம்மா: அப்படியே வரம்ப வெட்டினது ஆர் எண்டும் சொல்லு குமார்

பெரிய மாமா: வரம்புக் கதை இஞ்ச வேணாம்

சின்ன மாமா: உழவுக்குக் காசு ஆர் தாற?

ராணி பெரியம்மா: மாட்டுப் பட்டிக்காரன் வைக்கோல் கேட்டவன். குடுத்தா என்ன

சின்ன மாமா: சும்மாவா கேட்டவன்?

ராணி பெரியம்மா: அதையும் நானே கேக்கட்டா

சின்ன மாமா: பாப்பம். சனி காத்தப் பாத்துட்டுச் சொல்லுறன்

தீபா: பந்தல்??